கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

முதியவர் ஒருவர் அலுவலகத்துக்குள் வருகிறார். மேசைக்குப் பின்னால் இருக்கும் இளைஞன் தலைதாழ்த்தி வணங்கி நாற்காலியைக் காட்டுகிறான். திட்டத்தைப் பொறுமையாக விளக்குகிறான். மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லை. கட்டணம் கிடையாது. பதிவு செய்துகொண்டால் ஒரு லட்சம் யென் கையில் கிடைக்கும், விருப்பம்போல் செலவழிக்கலாம். மற்றவர்களோடு சேர்த்து எரித்து, சேர்த்தே அடக்கம் செய்ய ஒப்புக்கொண்டால் அந்தச் செலவும் இல்லை. வந்தவர் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார். தன்னை அரசாங்கமே கொன்றுவிட வேண்டும் என்று விண்ணப்பிக்கத்தான் அவர் வந்திருக்கிறார்.

சியே ஹயகாவா இயக்கி 2022இல் வெளிவந்த 'பிளான் 75' என்ற ஜப்பானியப் படம் இது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய யாரும் அரசின் உதவியோடு உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு சட்டம் நிறைவேறிவிட்ட ஜப்பானில் கதை நடக்கிறது. பறக்கும் கார்களோ சீருடைப் படைகளோ ஒரு காட்சியில்கூட இல்லை. சுவரெல்லாம் கண்காணிப்புத் திரைகள், இடிந்த நகரம், புகைமண்டலம் என்று டிஸ்டோபியா வகைப் படங்களில், அதாவது இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் படங்களில், நாம் பார்த்துப் பழகியவையும் இல்லை. இன்று நாம் பார்க்கும் ஜப்பானேதான். தெரு சுத்தமாக இருக்கிறது, பஸ் நேரத்துக்கு வருகிறது, எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒரே ஒரு கவுன்ட்டர் மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது. இந்தப் படம் என்னை இவ்வளவு உலுக்கியதற்கு அந்தக் கவுன்ட்டர்தான் காரணம். இனி முடிவு உட்பட முழுக் கதையையும் பேசப்போகிறேன். படத்தை முதலில் பார்த்துவிட நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பல ஆண்டுகள் ஒரு வங்கிக் கிளையில் ஓய்வூதியப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். நவம்பர் மாதம் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுப்பதற்காகப் பெரியவர்கள் வரிசையில் நிற்பார்கள். தாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று அவர்கள் ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோனவர்களைக் கருவி ஏற்காது. கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொல்வோம், மறுபடியும் ஏற்காது. அப்போது அவர்களில் பெரும்பாலானோர் கோபப்பட மாட்டார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். "உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன் தம்பி" என்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய ஆசிரியைகள், ரயில் ஓட்டியவர்கள், பஞ்சாலையில் நின்றே கால் வீங்கியவர்கள், உயிரோடு இருப்பதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அதனால் இந்தப் படத்தின் கதாநாயகி மிச்சி தொலைபேசியில் பேசும் ஒரு காட்சியில் எனக்கு அடுத்த வசனங்கள் எதுவும் காதில் விழவில்லை. பிறகு அந்தக் காட்சிக்கு வருகிறேன்.

மிச்சி ககுதானிக்கு வயது 78. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். தன் வயதை ஒத்த தோழிகள் சிலர் உடன் வேலை செய்கிறார்கள். ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஒருநாள் அவர்களில் இனெகோ என்பவள் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுகிறாள். அதற்குப் பிறகு வயதான பெண்கள் எல்லோரையும் ஓட்டல் அனுப்பிவிடுகிறது. மிச்சி குடியிருக்கும் கட்டடத்தையோ இடிக்கப்போகிறார்கள். வேறு வீடு தேடினால் வயதும் வேலையின்மையும் குறுக்கே நிற்கின்றன. இரவில் சாலையோரம் நின்று வண்டிகளுக்கு வழிகாட்டும் வேலை கிடைக்கிறது. குளிரில் சிவப்பு விளக்குத் தடியை ஆட்டியபடி நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அரசின் உதவித்தொகைக்குப் போவதில் அவளுக்குத் தயக்கம். தயக்கத்தை விழுங்கிக்கொண்டு போனாலும் அந்த வழி எளிதில் திறப்பதாக இல்லை. எளிதில் திறந்திருப்பது ஒரே ஒரு கவுன்ட்டர்.

இங்கேதான் ஹயகாவாவின் கூர்மை தெரிகிறது. மிச்சியை யாரும் வற்புறுத்தவில்லை. அவளே தேர்ந்தெடுக்கிறாள் என்று அந்த நாட்டு அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்னால் நம்மால் மறுக்க முடியாது. கையெழுத்து அவளுடையது. ஆனால் வேலை, வீடு, தோழி என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்து, கடைசியில் எஞ்சும் கதவை மட்டும் விளக்குப் போட்டுத் திறந்துவைத்து, "இது உங்கள் விருப்பம்" என்று சொல்வதைத் தேர்வு என்று நான் ஏற்க மாட்டேன்.

மிச்சியாக நடித்திருப்பவர் சியெகோ பைஷோ. 1941இல் பிறந்தவர். 1969இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஓடிய தோரா-சான் திரைப்பட வரிசையில், ஊர் சுற்றும் அண்ணனுக்காகக் கவலைப்படும் தங்கை சகுராவாக வந்தவர். ஜப்பானியர்களின் இரண்டு மூன்று தலைமுறைக்கு அவர் வீட்டுப் பெண். அந்த முகத்தைக் கொண்டுவந்து இந்தக் கவுன்ட்டரின் முன் உட்காரவைத்தது, அந்த நாட்டுப் பார்வையாளர்களிடம் "யாரை அனுப்பப் பார்க்கிறீர்கள், பாருங்கள்" என்று சொல்வதற்குச் சமம். பைஷோ அழுது நடிக்கவே இல்லை. நகம் வெட்டுகிறார், துணி மடிக்கிறார், தொலைபேசியை எடுக்கும் முன் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளும் தோரணையில் உடம்பை நேராக்கிக்கொள்கிறார். சுயமரியாதை உள்ள ஒரு பெண்மணி என்பதை அந்த முதுகே சொல்லிவிடுகிறது.

படம் வானத்திலிருந்து குதித்த கற்பனை இல்லை. 2016 ஜூலை 26 அன்று, தோக்கியோவுக்கு அருகில் உள்ள சகமிஹாரா நகரில், மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த காப்பகத்துக்குள் அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவன் நுழைந்து 19 பேரைக் குத்திக் கொன்றான். இப்படிப்பட்டவர்கள் நாட்டுக்குச் சுமை என்பதே அவன் வாதம். அதற்குச் சில மாதங்கள் முன்பே தன் எண்ணத்தைக் கடிதமாக எழுதி நாடாளுமன்றக் கீழவைத் தலைவருக்குக் கொடுத்திருந்தான். இந்தக் கொலைகள்தான் படத்துக்கு விதை என்று ஹயகாவா சொல்லியிருக்கிறார். படமும் ஒரு முதியோர் இல்லத்தில் இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு நடத்தும் படுகொலையில்தான் தொடங்குகிறது. மங்கலான ஒரு நடைவழி, சத்தம், அவன் பேச்சு. அடுத்து வானொலியில் புதிய சட்டம் நிறைவேறிய செய்தி. அந்த இளைஞன் துப்பாக்கியால் செய்ததை அரசாங்கம் படிவத்தால் செய்யத் தொடங்குகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த துணிச்சலுக்காகவே இயக்குநரை வணங்குகிறேன். 2018இல் ஜப்பானிய இயக்குநர் ஹிரொகாசு கோரே-எதாவின் மேற்பார்வையில் வந்த ஒரு குறும்படத் தொகுப்புக்காக இதே கதையைச் சிறிய அளவில் எடுத்திருந்தார். அதை விரித்து எடுத்த இதுவே அவருடைய முதல் முழுநீளப் படம். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநர்களுக்கான காமெரா தோர் விருதுப் பிரிவில் சிறப்புக் குறிப்பும் பெற்றது.

ஏன் 75? ஜப்பானில் 2008 முதல் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தனிப் பிரிவாக நடக்கிறது. அந்த எண் அரசுக் கணக்கில் ஏற்கெனவே ஒரு எல்லைக்கோடு. போருக்குப் பிறகு 1947 முதல் 1949 வரை பெருந்தொகையாகப் பிறந்த தலைமுறை முழுவதும் 2025க்குள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2013இல் துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த தரோ அசோ, உயிரை நீட்டிக்கும் சிகிச்சை பற்றிப் பேசும்போது, முதியவர்கள் விரைவாகச் செத்துப்போக விட வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். கண்டனம் எழுந்ததும் அது தன் சொந்த விருப்பம் என்று விளக்கம் கொடுத்தார். யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜப்பானியப் பொருளியலாளர் ஒருவர், முதியவர்கள் கூட்டமாக உயிரை மாய்த்துக்கொள்வதே தீர்வு என்று 2021இல் பேசி, பிறகு அதை உருவகம் என்றார். இப்படிப்பட்ட பேச்சுகள் காற்றில் இருக்கும் நாட்டில், சட்டம் நிறைவேற எத்தனை காலம் ஆகும் என்பதுதான் படத்தின் கேள்வி.

இனி கவுன்ட்டருக்கு வருகிறேன்.

படம் மிச்சியின் கதையை மட்டும் சொல்லவில்லை. திட்டத்துக்காக வேலை செய்யும் மூன்று இளையவர்களையும் பின்தொடர்கிறது. ஒருவன் ஹிரோமு ஒகாபே, நான் தொடக்கத்தில் சொன்ன விண்ணப்பப் பிரிவு இளைஞன். இன்னொருத்தி யோகோ, விண்ணப்பித்தவர்களுடன் தொலைபேசியில் பேசி அவர்களுக்குத் துணையாக இருக்கும் பணியாளர். மூன்றாவது மரியா, பிலிப்பைன்ஸிலிருந்து முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவள். ஊரில் மகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். சம்பளம் கூடுதல் என்பதால், இறந்தவர்களின் உடைமைகளைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு இந்தத் திட்டத்திலேயே சேர்கிறாள்.

மூவரும் நல்லவர்கள். இதைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவன் படிவம் வாங்குகிறான், ஒருத்தி ஆறுதலாகப் பேசுகிறாள், ஒருத்தி பையைத் திறந்து பொருள்களைப் பிரிக்கிறாள். கொலை என்று யாரும் ஒன்றைச் செய்யவில்லை. வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டால் எவர் கையிலும் கறை இருக்காது. நான் இருந்த நாற்காலியிலிருந்து இதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவரின் ஓய்வூதியம் நின்றுபோனால் அதற்குக் காரணமான ஆள் எந்த மேசையிலும் இருக்க மாட்டார். எங்கள் மேசை சரியாக அனுப்பியிருக்கும், அடுத்த மேசை சரியாகப் பெற்றிருக்கும், கணினியும் விதிப்படிதான் நிறுத்தியிருக்கும். பெரியவர் மட்டும் மருந்துக் கடைக்குப் போக முடியாமல் நின்றுகொண்டிருப்பார்.

ஒகாபேயின் மேசைக்கு ஒருநாள் அவனுடைய சித்தப்பா வருகிறார். அண்ணனும் தம்பியும் பிரிந்துபோன குடும்பம். இருபது ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து ஒகாபே திடுக்கிடுகிறான். நெருங்கிய உறவினர் என்பதால் அந்தக் கோப்பை அவன் கையாளக் கூடாது என்கிறது விதி. இந்த விதியை எழுதியவரைப் பற்றி நான் நெடுநேரம் நினைத்துப் பார்த்தேன். உறவினர் என்றால் கை நடுங்கும் என்று அந்த நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்நியர் என்றால் நடுங்காது என்றும் தெரிந்திருக்கிறது. திட்டம் முழுவதும் அந்த ஒரு அறிவின் மேல்தான் நிற்கிறது. சித்தப்பா நாடு முழுவதும் கட்டுமான வேலைகளுக்குப் போய் உழைத்தவர். போன ஊர்களில் எல்லாம் ரத்ததானம் செய்திருக்கிறார், அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். சுமை என்று கணக்கெழுதப்பட்டவரின் கணக்கில் வரவு எவ்வளவு என்று அந்த அட்டைகள் சொல்கின்றன. அப்புறம்தான் ஒகாபே தோண்டத் தொடங்குகிறான். எரித்த சாம்பல் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு போனால், அது கழிவுகளைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் போய் நிற்கிறது. கவுன்ட்டரில் இருந்த மரியாதை எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

யோகோவின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. ஒவ்வோர் அழைப்புக்கும் பதினைந்து நிமிடம்தான் அனுமதி. விண்ணப்பித்தவர்களை நேரில் சந்திக்கக் கூடாது. மிச்சியோடு பேசிப் பேசி யோகோவுக்கு அவள்மேல் பாசம் வந்துவிடுகிறது. விதியை மீறி நேரில் சந்திக்கிறாள், இருவரும் உருண்டையை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாடப் போகிறார்கள். மிச்சியின் உருண்டை சரியாகப் போய் விழுந்ததும் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத இளைஞர்கள் கையைத் தட்டிக்கொள்ள வருகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மிச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த அம்மாவுக்கு உயிரை விட எந்தக் காரணமும் இல்லை, பேச்சுத்துணையும் இருக்க ஓர் அறையும் கிடைத்தால் போதும் என்பது பார்க்கும் நமக்குப் புரிகிறது. யோகோவுக்கும் புரிகிறது. ஆனால் அவளுடைய வேலை வேறு.

கடைசி அழைப்பு. நாளை நடக்கப்போவதற்கான வழிமுறைகளை யோகோ படித்துச் சொல்ல வேண்டும். குரல் உடைகிறது. அப்போது மிச்சி, இந்தக் கிழவியின் நீண்ட பேச்சை எல்லாம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி என்கிறாள். நான் மேலே சொன்ன இடம் இதுதான். சாகப்போகிறவள், தன்னைச் சாவுக்குத் தயார்செய்யும் பெண்ணிடம், அவளுடைய நேரத்தை எடுத்துக்கொண்டதற்காக நெகிழ்கிறாள். என் மேசையின் முன் நின்று கையைத் துடைத்தவர்களின் குரல் அதே தாளத்தில் கேட்டது. ஒரு சமூகம் தன் முதியவர்களை எவ்வளவு காலம் சுமை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களே அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள்? படத்துக்காக ஹயகாவா வயதான பெண்கள் பலரிடம் பேசியிருக்கிறார். இப்படி ஒரு திட்டம் வந்தால் நிம்மதி என்று சொன்னவர்கள் அவர்களில் இருந்தார்கள். மற்ற புள்ளிவிவரங்களைவிட இந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதே யோகோ இன்னொரு காட்சியில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் புதியவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. விண்ணப்பித்தவர்களில் பலர் கடைசி நேரத்தில் மனம் மாறப் பார்ப்பார்கள், அப்படி மாறாமல் இதமாகப் பேசி வழிநடத்த வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். யோகோ மெல்லத் திரும்பிக் கேமராவை நேராகப் பார்க்கிறாள். தான் கொடுத்த அன்பு முழுவதும் எதற்குப் பயன்பட்டது என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிகிறது. கொடுமைக்காரர்களை வேலைக்கு வைத்திருந்தால் இந்தத் திட்டம் ஒரு மாதத்தில் கவிழ்ந்திருக்கும். யோகோவின் குரலில் இருக்கும் உண்மையான கனிவுதான் அதை ஓட்டுகிறது.

மரியாவின் பகுதி கொஞ்சம் அவசரமாக எழுதப்பட்டது என்பது என் கருத்து. அவளுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் போகும் தேவாலயத்தில், தன் நாட்டவர்கள் கூடிப் பாடி, அவளுடைய மகளுக்காகக் காசு சேர்த்துக் கொடுக்கும் காட்சி படத்தில் மிக முக்கியம். படம் முழுவதிலும் ஒருவரின் துன்பம் எல்லோருக்கும் உரியதாக நடத்தப்படும் இடம் அது ஒன்றுதான்.

முதியவர்களைக் கைவிடுவது பற்றி ஜப்பானில் பழைய கதை ஒன்று உண்டு. வயதான தாயை மகன் முதுகில் சுமந்துபோய் மலையில் விட்டுவிட்டு வருவான். நகானோ மாநிலத்தில் அந்தக் கதையின் பெயரிலேயே ஒரு மலை இருக்கிறது. இதைப் படிக்கும் தமிழர்களுக்கு உடனே தலைக்கூத்தல் நினைவுக்கு வரும். விருதுநகர், மதுரை, தேனி மாவட்டங்களின் சில ஊர்களில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை எண்ணெய்க் குளியலும் இளநீருமாக அனுப்பிவைத்த வழக்கம். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பெரியவர் வீட்டாரின் எண்ணத்தை அறிந்து தப்பி ஓடியபோது அது செய்தியானது. நம் ஊரில் நடந்ததைச் சொல்லாமல் ஜப்பானைப் பார்த்து அதிர்ச்சியடைவது நேர்மையாக இருக்காது. ஒரு வேறுபாடும் உண்டு. தலைக்கூத்தலில் செய்தவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்காவது அந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கும்போது கை கூசியிருக்கும். பிளான் 75 அந்தக் கூச்சத்தையும் எடுத்துவிடுகிறது. கேரளத்துக்கு அடுத்தபடி இந்தியாவில் முதியோர் விகிதம் அதிகமாக உள்ள மாநிலம் தமிழ்நாடு. அரசு தரும் முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்கு நான் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சிலர் இந்தப் படத்தைக் கருணைக்கொலைக்கு எதிரான பிரசாரம் என்கிறார்கள். தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மீள முடியாத நோயில் கிடக்கும் ஒருவர் உயிரை நீட்டிக்கும் கருவிகளை எடுத்துவிடும்படி கேட்பதை நம் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் நிபந்தனைகளோடு ஏற்றது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். மிச்சிக்கு நோய் இல்லை, வலி இல்லை. வாடகை கட்ட வழியில்லை, அவ்வளவுதான். வறுமைக்கு மரணத்தை மருந்தாக எழுதிக்கொடுப்பதைத்தான் படம் பேசுகிறது.

இறுதியில் மிச்சி அந்த மையத்தின் படுக்கையில் படுத்திருக்கிறாள். பக்கத்துப் படுக்கையில் ஒகாபேயின் சித்தப்பா அவள் கண்முன்னேயே அடங்கிப்போகிறார். அவளுக்கு வர வேண்டிய வாயு ஏதோ கோளாறால் வரவில்லை. எழுந்து வெளியே நடந்துவிடுகிறாள். ஒகாபே திரும்பி வந்து, சித்தப்பாவின் உடலையாவது முறையாக எரிக்க வேண்டும் என்று மரியாவின் உதவியோடு தூக்கிக்கொண்டு போகிறான். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் முதல்முறையாக எழுந்து இந்தப் பக்கம் வருவது அங்கேதான். மிச்சி சூரியனைப் பார்த்தபடி, தோழிகளோடு பாடிய பழைய பாட்டை முணுமுணுக்கிறாள்.

இந்த முடிவை நான் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். என்னோடு உட்கார்ந்து பார்த்த அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அத்தைக்கும் மிச்சியின் வயதுதான். மாமா போன பிறகு தனியாக இருக்கிறார், வாடகை வீட்டில். படம் முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேள்விகளால் துளைத்துவிட்டார். பாட்டுப் பாடிவிட்டு அந்த அம்மா இரவு எங்கே படுப்பாள்? வீட்டை இடித்துவிடுவார்கள், சாமான்களை எல்லாம் ஒழித்துப் போட்டாயிற்று, வேலையும் இல்லை. உயிர் பிழைத்தவளுக்கு என்று அந்த அரசாங்கத்தில் ஏதாவது படிவம் இருக்கிறதா? கொடுத்த ஒரு லட்சம் யென்னைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா? நான் வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அத்தையின் எண்ணம். விதிப்படி பார்த்தால் கேட்பார்கள் அத்தை, நோட்டீஸ் அனுப்புவார்கள் என்றேன்.